தமிழ்நாட்டுத் தண்ணீர்

நம் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் பயிற்சி வகுப்புக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். "கொஞ்சம் ஊக்கம் தர்ற மாதிரி இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்று வந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் பல சரக்கு மிச்சம் இருக்கிறது. ஊக்கம் மட்டும் இருப்பில் இல்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன், பிடிக்கவில்லை என்றால் மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்கால் கடற்கரைக் குடும்பத்துப் பெண். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போனவர்கள். வேதியியல் படித்துவிட்டு, ரயில் பாதை போடும் நம் நிறுவனத்தில் சுற்றுச்சூழல் அதிகாரியாகச் சேர்ந்தபோது அது என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. பாதை போட அரசு அனுமதி தரும்போது கூடவே நிபந்தனைகளும் தரும். தூசி பறக்கக் கூடாது, வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் வைக்க வேண்டும், இயற்கையான நீரோட்டத்தைத் தடுக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாகப் போகும். அவற்றை நிறுவனம் மதிக்கிறதா என்று பார்ப்பதற்கு அதே நிறுவனம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள்தான் நான். மதிக்கவில்லை என்று நான் சொன்னால் சம்பளம் கொடுப்பவருக்குக் கோபம் வரும். மதிக்கிறது என்று சொன்னால் எனக்கே என்னைப் பிடிக்காது. சைட்டில் எனக்கு வைத்திருந்த பெயர் 'தடங்கல் மேடம்'. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்கள்.

நம் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிய மரம் நடுகிற கதை ஒன்று போதும். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாள் நர்சரியிலிருந்து வேன் வரும். வேம்பு, புங்கன், பூவரசு எல்லாம் வரிசையாக இறங்கும். குழி தோண்டி, கறுப்பு பிளாஸ்டிக் பையோடு கன்றை இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி, பூவாளியால் தண்ணீர் தெளிப்பார்கள். அதிகாரி கிளம்பிய மறுநாள் அதே கன்றுகள் அதே வேனில் ஏறி நர்சரிக்குத் திரும்பிவிடும். வாடகைச் செடி. ஒரு புங்கங்கன்று என் காலத்தில் எத்தனை ஆய்வைப் பார்த்தது என்று அதற்குத்தான் தெரியும். அதற்கு வாய் மட்டும் இருந்திருந்தால் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு அதற்குப் போயிருக்கும்.

இனி விழிதியூர் விஷயத்துக்கு வருகிறேன்.

சரக்கு முனையத்துக்கு ஒரு இணைப்புப் பாதை போட்டோம். நீங்கள் வெளியூர்க்காரர்கள் என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். எங்கள் பாதை விழிதியூருக்கு மேற்கே, எல்லைக்குக் கொஞ்சம் உள்ளே, வடக்கு தெற்காக வயல்களுக்கு நடுவில் போயிற்று. ஆள் உயரத்துக்கு மேலே மண் கொட்டி மேடு போட்டார்கள். இந்தப் பக்கத்தில் தண்ணீர் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துத்தான் போகும். அதன் குறுக்கே ஒரு சுவர் வைக்கிறோம். அந்தச் சுவரில் எவ்வளவு பெரிய வழி விடுவது என்பதுதான் கேள்வி. வேறு கேள்வியே கிடையாது.

அந்தக் கணக்கைப் போட ஒரு ஆலோசனை நிறுவனத்தைப் பிடித்தார்கள். அவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் வந்தார்கள். சித்திரையில் வடிகாலில் ஆடுதான் மேயும். "இங்க வடிகால் ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே மேடம், எங்க?" என்று கேட்டார் அவர்களுடைய தலைவர். அதற்குள்ளேதான் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் வந்தது. காரைக்கால் பகுதி பச்சை, நீலம், மஞ்சள் என்று கோலம் மாதிரி இருந்தது. எல்லைக் கோட்டுக்கு மேற்கே வெறும் வெள்ளைத் தாள்.

"இந்தப் பக்கம் ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டேன்.

"அது வேற ஸ்டேட் மேடம். நம்ம ஸ்கோப்ல வராது."

"அங்க மழை பேயாதா?"

"பேயும். ஆனா அது அவங்க கணக்குல வரும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மிகவும் தீவிரமாக இருந்தார். அந்த வடிகாலுக்கு வருகிற தண்ணீரில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களில் விழுகிற மழைதான். காரைக்கால் மழையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டதில், மேட்டுக்கு அடியில் இரண்டு குழாய் போதும் என்று விடை வந்தது. எல்லையில் தண்ணீர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுவிடும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. நான் ஆட்சேபித்து எழுதினேன். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. நம் அலுவலகத்தில் அந்த வார்த்தைக்குக் குப்பைத்தொட்டி என்று பொருள்.

இரண்டு குழாயைப் புதைத்து, மேட்டை முடித்து, தண்டவாளமும் போட்டுவிட்டார்கள். மிச்சமான மண்ணை மேட்டுக்குக் கிழக்கே, அதே வடிகாலில், கொட்டிவிட்டுப் போனார்கள். அள்ளச் சொல்லி நான் கத்தியதற்கு, மழைக்காலம் முடியட்டும் என்றார் திட்ட மேலாளர். அவரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் தொழிலாளர்களுக்கு லீவு கொடுப்பார். ஆனால் ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் அவரை நிறுத்தினால், பத்து விரலையும் கழுவித் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது.

"ஏம்மா, தடங்கல் மேடம்தானே? நான் விழிதியூரு கோவிந்தராசு. மேக்கால தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும்மா. கதிரு வாங்குற பயிரு. ஒங்க மேடு மறிச்சுக்கிட்டு நிக்குது. வந்து பாருங்க."

கோவிந்தராசுவை எனக்குத் தெரியும். எல்லைக்கும் எங்கள் மேட்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட வயல்களில் குத்தகைக்குச் சம்பா போட்டிருந்தவர். நிலம் அவர் பெயரில் இல்லை. பயிர் அழிந்தால் நிவாரணம் நிலத்துக்காரருக்குப் போகும், நஷ்டம் இவருக்கு வரும். கதிர் வரும் நேரத்தில் பயிர் முழுக்க மூழ்கி ஓரிரு நாள் கிடந்தால் பிறகு தண்ணீர் வடிந்தும் பயனில்லை. அவருக்கு அந்த வருடம் என்பதே அந்தப் பயிர்தான்.

நான் போனபோது மேற்குப் பக்கம் வயல் தெரியவில்லை. ஒரே வெள்ளம். வரப்பு எங்கே, வாய்க்கால் எங்கே என்று சொல்ல முடியாது. இரண்டு குழாயும் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தன. மேட்டின் மேல் விழிதியூர்க்காரர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கிழக்குச் சரிவில், அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கிற நெரவி ஊர் ஆட்கள், அவர்களும் மண்வெட்டியோடு. நடுவில் நம் மேலாளர், குடையோடு. இரண்டு நாளில் பாதையைப் பார்க்க ஆய்வு அதிகாரி வருவதாக இருந்தது. மேட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆய்வு தள்ளிப்போகும் என்பதுதான் அவருடைய கவலை.

"மேடம், நீங்களே இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார் என்னைப் பார்த்ததும். "இது நம்ம தண்ணி இல்ல. தமிழ்நாட்டுத் தண்ணி. அவங்க கலெக்டருக்கு லெட்டர் போடலாம்."

"தண்ணிகிட்ட ரேசன் கார்டு கேட்டுட்டா சார் உள்ள விடுறது?" என்றார் கோவிந்தராசு.

மேலாளர் போலீசைக் கூப்பிடப் போவதாகச் சொல்லிப் போனை எடுத்தார். காரைக்கால் பக்கம் கேட்டார்கள்: கலாட்டா செய்பவர்கள் எந்த ஊர்? இரண்டு பக்கத்து ஊரும் இருக்கிறது என்றார். அப்படியென்றால் அந்தப் பக்கத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றார்கள். அந்தப் பக்கத்தில், மேடு எங்கள் எல்லையில் இல்லையே என்றார்கள். இந்த எல்லைக் கோட்டை வைத்துத்தானே தண்ணீரை விரட்டினோம், இப்போது அதுவே நம் காலைச் சுற்றுகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. டவர் சரியில்லை என்று போனைத்தான் திட்டினார்.

விழிதியூர்க்காரர்கள் மேட்டின் தாழ்வான ஓர் இடத்தைக் காட்டி, அங்கே வெட்டிவிடலாம் என்று இறங்கினார்கள். உடனே நெரவிக்காரர் ஒருவர் குறுக்கே வந்து படுத்துக்கொள்ளாத குறையாக நின்றார். "இங்க வெட்டுனா மொத்தத் தண்ணியும் எங்க வயல்ல வந்து விழும். எங்களுது மட்டும் பயிரு இல்லையா?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், பிள்ளைகளா. ஒரு பக்கம் நியாயம், மறுபக்கம் அநியாயம் என்று இருந்தால் முடிவெடுக்க உங்களைப் போல் படித்தவர்கள் தேவையில்லை.

வெட்ட வேண்டிய இடம் ஒன்றுதான். குழாய் புதைத்த இடத்திலேயே, வடிகாலின் நேர்கோட்டில் வெட்ட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் கிழக்கேயும் வடிகாலைப் பிடித்துக்கொண்டு போகும். ஆனால் கிழக்கே வடிகாலில் எங்கள் மிச்ச மண் மலையாகக் கிடந்தது. அதை அள்ளாமல் மேட்டைத் திறந்தால் நெரவி வயல் போகும். அள்ளிவிட்டுத் திறந்தால் நேரம் போகும், விழிதியூர்ப் பயிர் அதுவரை மூழ்கிக் கிடக்கும்.

மேலாளரிடம் சொன்னேன். "நாளன்னைக்கு வர்ற அதிகாரி கேட்டா, நீரோட்டத்தைத் தடுத்திருக்கோம்னு சொல்லிருவேன். இப்பவே வெட்டுனா, தடுத்ததைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கோம்னு சொல்லுவேன். எது வேணும் சார்?"

அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "ஹெட் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன் மேடம். இங்க சிக்னலே இல்ல" என்று சொல்லிக் காரில் ஏறினார். கார் திரும்பியது. சிக்னலைத் தேடி மெயின் ரோட்டுக்குப் போன கார் அன்று முழுக்க வரவில்லை. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நல்லது நடந்தால் சரி என்று சொன்னதாகவும், கெட்டது நடந்தால் வேண்டாம் என்று சொன்னதாகவும் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்தக் கலையில் நம் நிறுவனத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மிஞ்ச விரும்பி வரிசையில் நிற்பவர்கள் நிறைய.

மண் தோண்ட மேட்டோரம் நிறுத்தியிருந்த பொக்லைனை ஓட்டுகிறவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. "மேனேஜர் சொல்லாம கை வெச்சா என் வேலை போயிரும் மேடம்" என்றார்.

"வேண்டாம்னு சொன்னாரா?"

"இல்ல."

"நான் செய்யச் சொல்றேன். யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க. மொதல்ல கிழக்கால இறங்கி அந்த மண்ணை அள்ளுங்க."

மேற்கே நின்றவர்கள் கொதித்துவிட்டார்கள். கோவிந்தராசு மண்வெட்டியை என் காலடியில் எறிந்தார். "பயிரு மூழ்கிக் கெடக்கு, நீங்க அந்தப் பக்கம் சேறு அள்ளிக்கிட்டு நிக்கிறீங்களா? கம்பெனிக்காரவுக புத்தி போவுமா?"

"இப்ப வெட்டுனா ஒங்க பயிரு பொழைக்கும், அவங்களுது போவும். கொஞ்சம் பொறுத்தா ரெண்டும் பொழைக்கும்" என்றேன்.

"பொழைக்கலன்னா?"

"தெரியல" என்றேன். வெட்டிய மேடு எங்கள் கைக்கு அடங்காமல் பிய்த்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று உண்மையில் எனக்குத் தெரியாது. அவர் என்னை முறைத்தார். பிறகு எறிந்த மண்வெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு கிழக்குச் சரிவில் இறங்கி, வடிகாலில் நின்று வெட்ட ஆரம்பித்தார். அவர் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். நெரவிக்காரர்களும் இறங்கினார்கள். இதை ஊர் ஒற்றுமை என்று யாராவது உங்கள் வகுப்பில் படம் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். சீக்கிரம் முடியட்டும் என்று எல்லோருக்கும் அவசரம். வேலை செய்துகொண்டே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், நடுநடுவே எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

மதியத்துக்கு மேல் மேட்டைத் திறந்தோம். குழாய் இரண்டும் பெயர்ந்து உருண்டன. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பழுப்புத் தண்ணீர் முரட்டுத்தனமாகப் பாய்ந்தது, ஆனால் வடிகாலை விட்டு வெளியே போகவில்லை. நெரவிப் பக்கம் ஒரு வரப்பு உடைந்ததோடு சரி. மறுநாள் மேற்கே பயிரின் தலை தெரிந்தது. பெரும்பாலான வயல்கள் தப்பின. கோவிந்தராசுவின் வயலில் மேட்டுப் பாதி தப்பியது, பள்ளத்துப் பாதி அழுகிப் போயிற்று.

மேலாளர் மறுநாள் சிக்னல் கிடைத்துத் திரும்பி வந்தார். யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் கையோடு கொண்டுவந்திருந்தார். அதற்கடுத்த நாள் ஆய்வு அதிகாரி வந்தார். வெட்டிய இடத்தில் நின்று மேற்கேயும் கிழக்கேயும் பார்த்தார். "நல்ல வேளை திறந்து விட்டீங்க. தண்ணி இன்னும் ஏறியிருந்தா மேடே தாங்கியிருக்காது. இங்க நாலு கண்ணு பாலம் கட்டுங்க, அப்புறம் வண்டி ஓட்டலாம்" என்றார். பக்கத்தில் நின்ற நம் மேலாளர் கண்ணிமைக்காமல், "நாங்களும் அதைத்தான் சார் முடிவு பண்ணோம்" என்றார். எனக்குக் கொடுத்த கடிதத்துக்கு அதன்பின் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

தண்ணீர் போக நாலு வழி விட்டுப் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த கையோடு நிறுவனத்துக்கு இன்னொரு யோசனை வந்தது. வழவழப்பான தாளில் வருகிற நம் செய்தி இதழில், 'உழவர்களின் தோழன்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. மேலாளர் குடையோடு வெள்ளத்தைப் பார்க்கிற படம் அட்டையில் வரும். உள்ளே நன்றி சொல்கிற ஒரு விவசாயியின் படம் வேண்டும், சிரித்த முகமாக. என்னைத்தான் அனுப்பினார்கள், புகைப்படக்காரரோடு. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

தை மாதம். மிஞ்சிய பாதியை அறுத்துக் களத்தில் கொட்டியிருந்தார் கோவிந்தராசு. வந்த காரியத்தைச் சொன்னேன். நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டார். முடித்ததும் நிமிர்ந்தார்.

"நன்றி சொல்லணுமாம்மா?"

புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"என் கால மிதிச்சுக்கிட்டு நின்னீங்க. வலிக்குதுன்னு கத்துனேன். பாதி கால் நசுங்குன பொறவு எடுத்தீங்க. எடுத்ததுக்கு ஒங்கள நான் கும்புடணுமா?"

புகைப்படக்காரர் கேமராவை மூடிவிட்டார். கோவிந்தராசு கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எங்களுக்கு மோர் கொடுத்துத்தான் அனுப்பினார். வண்டியில் வரும்போது அவமானமாக இருந்தது, அவர் மேல் எரிச்சலாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்தபோது எரிச்சல் போய்விட்டது, மற்றது போகவில்லை. செய்தி இதழில் வேறு யாரோ சிரிக்கிற படத்தைப் போட்டுக்கொண்டார்கள்.

அரசுக்கு நாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கை அனுப்புகிறோம் அல்லவா? இடது பக்கம் நிபந்தனை, வலது பக்கம் அதன் நிலை. கடைசியில் 'உள்ளூர் மக்களின் கருத்து' என்று ஓர் இடம் உண்டு. அந்த முறை அங்கே நான் கோவிந்தராசு சொன்னதை எழுதினேன். ஆங்கில அறிக்கையின் நடுவில், தமிழிலேயே, அவர் பேசியபடியே எழுதினேன். எதிரே நிலையைக் குறிக்கிற கட்டத்தைக் காலியாக விட்டேன். என்ன இது என்று கேட்டு யாராவது கூப்பிடுவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். நம் தலைமை அலுவலகம் கூப்பிடவில்லை. வேறு எங்கிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் பழைய அறிக்கையைத் திறந்து தேதியை மாற்றி அனுப்பினார்கள்.

நீங்கள் சேர்ந்ததும் அனுப்பிய முதல் அறிக்கையின் நகல் ஒன்றை, உங்கள் வகுப்புக்காக என்னைக் கேட்க வந்த பெண் கொண்டுவந்து கொடுத்தாள். எழுத்துருவெல்லாம் மாற்றி, பக்க எண் போட்டு, அழகாகத்தான் செய்திருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கோவிந்தராசு இன்னும் அங்கே நின்று, எடுத்ததுக்கு ஒங்கள நான் கும்புடணுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். காலியாக இருந்த கட்டத்தை மட்டும் நீங்கள் நிரப்பியிருக்கிறீர்கள். நிபந்தனை நிறைவேற்றப்பட்டது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்.